எதிர்த்தரப்போடும் உட்கார்ந்து பேசிய தூதர்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மாதம் ஒரு தூதுவரைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். அல்ஜீரியாவைச் சேர்ந்த லக்தர் பிராஹிமி. பத்திரிகைகள் பிரெஞ்சு உச்சரிப்பை ஒட்டி அப்படி எழுதுகின்றன. அரபியில் அல்அக்ளர் அல்இப்ராஹீமி. லெபனான், ஆப்கானிஸ்தான், இராக், சிரியா என்று நாம் ரேடியோவிலும் டி.வி.யிலும் கேட்டு வருந்திய போர்கள் பலவற்றில், இரு தரப்புக்கும் நடுவே போய் உட்கார்ந்தவர் இவர்.

1934இல் பிறந்தார். அப்போது அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்தது. 1830இல் தொடங்கிய ஆட்சி அது. பாரிஸில் சட்டமும் அரசியலும் படித்துக்கொண்டிருந்தபோது நாட்டில் விடுதலைப் போர் மூண்டது. 1956இல் அல்ஜீரிய மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். அந்த ஆண்டே விடுதலை முன்னணி இவரை இந்தோனேசியாவுக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. வயது 22. சொந்த நாட்டுக்குக் கொடியில்லை, தூதரகமில்லை. ஜகார்த்தாவில் ஐந்து ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டி, "எங்களுக்கும் ஒரு நாடு உண்டு" என்று சொல்வதுதான் வேலை. 1962இல் நாடு விடுதலை பெற்றது. பிறகு எகிப்திலும் பிரிட்டனிலும் தூதர், அரபு லீகில் துணைப் பொதுச்செயலாளர், 1991 முதல் 1993 வரை வெளியுறவு அமைச்சர். பதவிகளின் பட்டியல் நீளம்; அதை விட்டுவிடுவோம்.

லெபனானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அங்கே பதினைந்து ஆண்டுகள் ஓடியது. கிறிஸ்தவர், சுன்னி, ஷியா, துரூஸ் என்று ஒவ்வொரு தரப்பிடமும் ஆயுதம். ஒரே தரப்புக்குள்ளேயும் சண்டை. 1989இல் அரபு லீகின் சார்பில் பிராஹிமி அங்கே போனார். குண்டு விழும் பெய்ரூட்டில் ஒவ்வொரு தலைவர் வீட்டுக்கும் ஏறி இறங்கினார். முதலில் போர் நிறுத்தம். அதன் பிறகு லெபனான் எம்.பி.க்கள் சவூதியின் தாயிஃப் நகரில் கூடினார்கள். தாயிஃப் என்றதும் நமக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வரும்; இந்த முறை அந்த ஊருக்கு நல்ல பெயர் கிடைத்தது. கூடியவர்கள் 1972இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போரினால் அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அதுவரை நாடாளுமன்றத்தில் 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம் என்பது கணக்கு. தாயிஃபில் அதைச் சரிபாதியாக்கினார்கள். 1990இல் போர் ஓய்ந்தது.

குறை இல்லையா என்றால், உண்டு. ஆயுதம் தூக்கியவர்களில் பலர் பின்னர் அமைச்சர்களானார்கள். காணாமல் போனவர்களின் தாய்மார்களுக்கு இன்றும் பதில் இல்லை. மதவாரிப் பங்கீட்டை ஒழிப்போம் என்று எழுதிக்கொண்டார்கள், ஒழிக்கவில்லை. ஆனாலும் பெய்ரூட்டின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடிந்ததே, அது சிறிய காரியமா?

1994இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் முதன்முறை வாக்களித்த தேர்தலின்போது ஐ.நா. பார்வையாளர் குழுவுக்கு இவர்தான் தலைமை. அடுத்து ஹைத்தி.

2000ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் இவரிடம் ஒரு கடினமான பொறுப்பைக் கொடுத்தார். 1994இல் ருவாண்டாவில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டபோது ஐ.நா. படை அங்கே இருந்தது. 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவை 'பாதுகாப்பான பகுதி' என்று ஐ.நா.வே அறிவித்திருந்தது. அங்கேதான் 8,000க்கும் மேற்பட்ட நம் சகோதரர்கள், ஆண்களும் சிறுவர்களுமாக, சில நாட்களுக்குள் கொல்லப்பட்டார்கள். ஏன் இப்படி ஆனது, இனி என்ன செய்வது என்று ஆராயும் குழுவுக்கு பிராஹிமி தலைவர். குழுவின் அறிக்கையை உலகமே 'பிராஹிமி அறிக்கை' என்று சொல்கிறது.

அதிலே மூன்று விஷயங்கள் நம்மைக் கவர்ந்தன. ஒன்று, நடுநிலை என்ற பெயரில் அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒரே மாதிரி நடத்தினால், அது அடிப்பவனுக்குத் துணைபோவதாக ஆகிவிடலாம் என்று துணிந்து எழுதினார்கள். இரண்டாவது, பாதுகாப்பு சபை கேட்க விரும்புவதைச் சொல்லாதீர்கள், அது தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள் என்று ஐ.நா. அதிகாரிகளுக்கே அறிவுரை. மூன்றாவதுதான் மிகவும் நடைமுறையானது. வீரர்களைத் தருகிறோம் என்று நாடுகள் உறுதியாகச் சொல்லும்வரை, பெரிய படை அனுப்பும் தீர்மானத்தை வரைவாகவே வைத்திருங்கள் என்றார்கள். கையில் ஆளில்லாமல் காப்பாற்றுகிறோம் என்று வாக்குக் கொடுத்தால், அதை நம்பிய ஏழைதான் சாகிறான். ஸ்ரெப்ரெனிட்சாவில் அதுதானே நடந்தது?

இனி ஆப்கானிஸ்தான். 1998இல் தாலிபான்கள் மஸாரே ஷரீபைப் பிடித்தபோது அங்கிருந்த ஈரான் தூதரக அலுவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஈரான் எல்லையில் படையைக் குவித்தது. வெளியாரைச் சந்திப்பதே அரிதாக இருந்த முல்லா உமரை, பிராஹிமி கந்தஹாருக்கே போய்ச் சந்தித்துப் பேசினார். பதற்றம் தணிந்தது. ஆனால் உள்நாட்டுப் போர் நிற்கவில்லை. சண்டைக்காரர்களும் சரி, அவர்களுக்கு ஆயுதம் கொடுத்த அண்டை நாடுகளும் சரி, யாருக்கும் சமாதானத்தில் அக்கறையில்லை என்று கண்டு 1999இல் தம் பணியை நிறுத்திக்கொண்டார்.

2001இல் மறுபடி அழைத்தார்கள். அமெரிக்காவின் தாக்குதலில் தாலிபான் ஆட்சி சரிந்துகொண்டிருந்தது. நவம்பர் 27 முதல் டிசம்பர் 5 வரை ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே மாநாடு. அது நோன்பு மாதம். நான்கு ஆப்கான் குழுக்களை உட்காரவைத்து, இடைக்கால அரசு, லோயா ஜிர்கா, அரசியல் சட்டம், தேர்தல் என்று ஒன்பது நாளில் வழி வகுத்துவிட்டார். உலகம் பாராட்டியது. ஆனால் அந்த மேசையில் தாலிபான்கள் இல்லை.

அன்றைய சூழலில் அவர்களை யார் அழைத்திருப்பார்கள்? நியூயார்க் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிராஹிமி அந்தச் சாக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர்கள் இல்லாமல் பேசியது தவறு, அதன் பிறகாவது உடனே அவர்களை அணுகியிருக்க வேண்டும் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். போர் இருபது ஆண்டு நடந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலுக்குத் திரும்பினார்கள்.

மதரஸாவில் ஹுதைபிய்யா உடன்படிக்கையை ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசியவர் குறைஷிகளின் தூதராக வந்த சுஹைல் இப்னு அம்ரு. நம்மிடம் வருகிற பாகப்பிரிவினை, தலாக் விவகாரங்களிலும் பார்க்கிறோமே. ஒரு தரப்பை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய முச்சலிக்கா எத்தனை நாள் தாங்குகிறது?

2004இல் இராக். தேர்தல் உடனே வேண்டும் என்றார் ஆயத்துல்லாஹ் சிஸ்தானி. அமெரிக்க நிர்வாகத்துக்கு அதில் விருப்பமில்லை. பிராஹிமி நஜஃபுக்குப் போய் அவரைச் சந்தித்தார். தேர்தல் கேட்பது நியாயம், ஆனால் ஜூனுக்குள் நேர்மையாக நடத்த முடியாது என்று இரு தரப்பிடமும் ஒரே பதிலைச் சொன்னார். 2005 ஜனவரியில் தேர்தல் நடந்தது.

கடைசியாக சிரியா. 2012இல், கோஃபி அன்னான் முயன்று விலகிய இடத்துக்கு, 78 வயதில் வந்தார். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது துப்பாக்கியைக் கீழே வையுங்கள் என்று கெஞ்சினார். இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. பெருநாள் அன்றே டமாஸ்கஸில் குண்டு வெடித்தது. 2014 தொடக்கத்தில் ஜெனீவாவில் அரசுத் தரப்பையும் எதிர்த்தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். ஒருவரோடு ஒருவர் நேரே பேச மறுத்து, இருவரும் இவரைப் பார்த்தே பேசினார்கள். பேச்சு முறிந்த அன்று, சிரியா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் பொறுப்பிலிருந்து விலகினார்.

பிராஹிமி அறிக்கையை ஐ.நா. அரபியிலும் வெளியிட்டிருக்கிறது. அரபி ஓதும் மாணவர்களுக்காக ஒரு பிரதி எடுத்து நம் வாசகசாலையில் வைத்திருக்கிறோம். ஆங்கிலப் பிரதியும் இருக்கிறது. வந்து படியுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரு மொழியும் கூர்மையாகும்.