பாமாவின் எழுத்தும் பேச்சுத்தமிழின் இலக்கணமும்

(ஆயர் ஈத்தாமில் ஆற்றிய உரை)



உரையாடலை வழக்குமொழியிலும் எடுத்துரைப்பை எழுத்துத்தமிழிலும் அமைப்பதே நம் புதினங்களின் பெரும்பான்மை மரபு. கன்னியர் மடத்தைத் துறந்து வந்த பாமா, 1992இல் வெளியிட்ட 'கருக்கு' என்னும் தன்வரலாற்று நூலில், எடுத்துரைப்பையே தம் ஊர்த் தலித் மக்களின் பேச்சில் அமைத்தார். 1994இல் வந்த 'சங்கதி'யில் தனியொரு கதைத்தலைவி இல்லை. பெண்கள் பலரின் குரல்களே புதினமாயின. பிரெஞ்சு எழுத்தாளர் நத்தாலி சரோத், பெயரற்ற மாந்தரின் நுண்ணிய மனவசைவுகளை 1939இலேயே எழுதினார். கதைச்சட்டகத்தை உடைக்கும் அத்துணிவைப் பாமாவிடமும் காண்கிறோம். 'கருக்கு' ஆங்கிலத்திற் சென்று 2000இல் கிராஸ்வேர்டு பரிசும் பெற்றது.

இம்மொழி பிழையன்று. 'வந்துச்சு', 'செஞ்சுச்சு', 'படிச்சுச்சு' என்பவற்றை நோக்குக. ஒரே விகுதி சீராக வருகிறது. சீர்மை உள்ள இடத்தில் இலக்கணமும் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இத்தகைய சொற்களை ஒருகாலத்தில் நாமும் சிவப்பு மையால் அடித்தோம். அவற்றைக் கற்பித்த தாயையும் சேர்த்தே அடித்தோம் என்பதைப் பாமாவைப் படித்த பின்னரே உணர்ந்தோம்.

எழுத்துத்தமிழைச் செம்மையாகக் கற்பிப்போம். வீட்டுமொழி இழிவென்று மட்டும் கற்பியாதிருப்போம்.