பானைத் தோளில் எழுதிய பெயர்

(சங்கரன்கோவிலில் ஆற்றிய பொழிவு)



இது தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். நூலும் ஊசியுமாக உழைத்த பழந்தமிழரைப் பற்றிப் பேச இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

வரலாறு என்றதும் அரண்மனையையும் அரசர் கொடிவழியையும் தேடிப் பழகிவிட்டோம். உலையேற்றிய பானையை எவர் தேடினார்? வையைக்கரைக் கீழடி அப்பானையை நம் கையில் தந்தது. நடுவணரசின் தொல்லியல் துறை 2014-15இல் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. 2017-18இல் நான்காம் கட்டத்தைத் தமிழக அரசின் தொல்லியல் துறை மேற்கொண்டது. அப்போது ஆழத்திற் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டினது என ஆய்ந்தறியப்பட்டது.

அங்கு வெளிப்பட்டவை எவை? நூல் நூற்கும் கதிரின் சுடுமண் குண்டுகள், எலும்பிற் செய்த கூர்முனைகள், செம்பு ஊசி, தறியில் நூலைத் தொங்கவிடும் கற்கள். இவை நெசவுத்தொழிலின் சான்றுகள். கூரையோடுகளும் உறைகிணறுகளும் உண்டு. சிறுவர் ஆடிய வட்டச்சில்லுகளோ நூற்றுக்கணக்கில்!

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அந்நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானையோடுகள் கிடைத்தன. 'ஆதன்' என்னும் பெயர் அவற்றில் உள்ளது. ஈரமண்ணிற் கீறியிருந்தால் குயவர் எழுதியது எனலாம். இவையோ சூளையிற் சுட்டெடுத்தபின், பானையின் தோளில் கூர்ங்கருவியாற் கீறியவை. கையெழுத்தும் ஒன்றுபோல் ஒன்றில்லை. ஆகவே, பானையை வாங்கிப் புழங்கியவர்களே தம் பெயரை எழுதினர் என்பது ஆய்வாளர் கருத்து. இரும்புருக்கி, மணி கடைந்து வாழ்ந்த நொய்யற்கரைக் கொடுமணலிலும் இத்தகைய பானையோடுகள் மிகுதி. எழுத்து ஒருசிலரின் உடைமையன்று. உழைத்த கைக்கும் அது உரியதாயிருந்தது!

தோழர்களே! இன்று ஏனக் கடையில் நம் பெயரை எந்த எழுத்தில் வெட்டச் சொல்கிறோம்? தலைப்பெழுத்தை ஆங்கிலத்திலிட்டுப் பெயரைத் தமிழில் எழுதுவது அரைகுறைத் தமிழன்றோ? முழுப்பெயரையும் தமிழிலேயே எழுதுங்கள்.

கைத்தறி ஓய்ந்த வீடுகளில் பாவு, ஊடை, தார், அச்சு என்னும் சொற்களும் ஓய்ந்துவருகின்றன. பழைய கருவிகளை விறகாக்காதீர்; மூத்தோரிடம் அவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கடைக்கால் தோண்டுகையிற் பழம் பானையோடு கண்டால், அள்ளி எறியாமல் வட்டாட்சியர்க்குத் தெரிவியுங்கள்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண் காத்துத் தந்த எழுத்தை, நம் வீட்டு ஏனத்திலிருந்து நாமே துடைத்தெறிவதா? எண்ணிப் பாருங்கள்.