சிப்பமும் சேதமும்: தாராவியின் சிறுதொழில்கள் தரும் பாடம்

ஒரு பொருளின் உற்பத்தி தொழிற்கூடத்தின் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. பயன்படுத்துவோர் கையில் அது பழுதின்றிச் சேரும்போதுதான் உழைப்பு முழுமை பெறுகிறது. வழியில் உடைந்த பானைக்கும், பூஞ்சை பூத்த தோல்பைக்கும், நமத்துப் போன முறுக்குக்கும் விலை கிடையாது. பெரிய ஆலைகள் இத்தகைய இழப்பைக் காப்பீட்டின் மூலமாவது ஈடுகட்டிக்கொள்ளும். சிறு உற்பத்தியாளருக்கோ அது ஒரு வாரக் கூலி. சில வேளைகளில் ஒரு வாடிக்கையாளரையே இழக்கும் நிலை. எனவே பொருள்களைப் பாதுகாப்பாகச் சிப்பமிடும் முறை, சிறுதொழில் வளர்ச்சியில் அக்கறை கொண்ட மாணவர்களும் அலுவலர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

இதை ஆராய்வதற்கு மும்பையின் தாராவியைவிடப் பொருத்தமான இடம் அரிது. கோலி மீனவர்களின் குடியிருப்பாக இருந்த இப்பகுதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து தோல் பதனிடுவோர் வந்தனர். சௌராஷ்டிரக் குயவர்கள் 1930களில் கும்பார்வாடாவில் குடியமர்ந்தனர். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவ்னாருக்கு மாற்றப்பட்ட பின் பதனிடும் தொழில் படிப்படியாக வெளியேறியது. எனினும் தோல்பை, இடைவார், பணப்பை செய்யும் கூடங்கள் நிலைத்துவிட்டன. இவற்றோடு அப்பளம், முறுக்கு, சக்லி முதலிய தின்பண்டங்களும் ஆயத்த ஆடைகளும் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. சில சதுர கிலோமீட்டர் பரப்பிற்குள், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட தன்மையுடைய பொருள்கள் சிப்பமாகின்றன.

நான்கு பகைகள்

சிப்பத்திற்குரிய பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, 'எது மலிவு?' என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக எழுகிறது. முதலில் எழ வேண்டிய கேள்வி, 'எதிலிருந்து காக்க வேண்டும்?' என்பதாகும். சரக்குக்குப் பகைகள் நான்கு. ஒன்று, ஏற்றி இறக்கும்போது விழும் அடியும் பயணத்தின் அதிர்வும். இரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதால் ஏற்படும் அழுத்தம். மூன்று, ஈரம். நான்கு, பூச்சி, பூஞ்சை, காற்று, ஒளி ஆகியவற்றால் நாளடைவில் நேரும் கேடு. எந்தப் பொருளுக்கு எந்தப் பகை பெரிது என்று தெளிந்த பின்னரே விலையைப் பற்றி எண்ண வேண்டும்.

கும்பார்வாடாவின் மண்பாண்டத்திற்கு ஈரம் பெரும் பகையன்று, அடிதான் பகை. வைக்கோல் இட்டு அடுக்கும் பழைய முறையில் அறிவியல் அடங்கியுள்ளது. வைக்கோல் நசுங்கி மீளும்போது அடியின் விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. பாண்டங்கள் ஒன்றையொன்று தொடாதிருத்தல், பெட்டியின் சுவரைத் தொடாதிருத்தல், உள்ளே அசைய இடமில்லாதிருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் வைக்கோலும் நறுக்கிய காகிதமும் ஏறக்குறைய ஒரே பணியைச் செய்யும். ஆனால் கடல் கடந்து செல்லும் சரக்கில் வைக்கோலுக்கு இடமில்லை. அதில் பூச்சியும் நோய்க்கிருமியும் ஒளிந்து செல்லக்கூடும் என்பதால் பல நாடுகள் அதைத் தடுக்கின்றன. மரப்பெட்டிக்கும் இவ்வாறே கட்டுப்பாடு உண்டு. 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தாவர நல விதிப்படி, வெப்ப முறையில் பதப்படுத்தும்போது மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அதற்கான முத்திரையும் பெட்டியில் பொறிக்கப்பட வேண்டும்.

எவ்வளவு செலவிடலாம் என்பதைக் கணக்குக்காக அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 80 ரூபாய் மதிப்புள்ள 100 பானைகள் அனுப்பப்படுகின்றன. பானைக்கு 3 ரூபாய் செலவிட்டுக் கட்டினால் 12 உடைகின்றன என்று கொள்வோம். சிப்பச் செலவு 300, உடைசல் 960. ஆக 1,260 ரூபாய். 6 ரூபாய் செலவிட்டு, 3 மட்டும் உடைந்தால் மொத்தம் 840 ரூபாய். 12 ரூபாய் செலவிட்டு, ஒன்றே உடைந்தால் 1,280 ரூபாய். குறைவாகச் செலவிடுவதும் நட்டம். அளவுக்கு மீறிச் செலவிடுவதும் நட்டம். சிப்பச் செலவும் சேதமும் சேர்ந்த தொகை எங்கே மிகக் குறைகிறதோ, அதுவே சரியான சிப்பம். உடைசலை எண்ணிக் குறித்து வைக்காத கூடத்தில் இந்தக் கணக்கைப் போட இயலாது.

தோலும் ஈரமும்

தோல்பொருளின் நிலை நேர்மாறானது. அது விழுந்தால் உடையாது, ஈரத்தால் கெடும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுதி. அந்நாட்களில் முற்றும் உலராத தோல்பையைப் பாலிதீன் உறையில் இட்டு ஒட்டிவிட்டால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை வளர்கிறது. பாதுகாப்பென்று கருதிய உறையே கேட்டுக்குக் காரணமாகிவிடுகிறது. முதலில் நன்கு உலர்த்தி, மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் அடைப்பதே முறை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கையில் சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். அதன்பின் அது வெறும் மணல்தான். ஆகவே, திறந்த தட்டில் நாள்முழுதும் கிடந்த பொட்டலத்தைச் சிப்பத்தில் இடுவதால் பயனில்லை.

1989இல் தொடங்கப்பட்ட நவசேவா துறைமுகத்திலிருந்து கப்பலேறும் சரக்குப் பெட்டகத்திற்குள் வேறொரு தொல்லையும் உண்டு. பகலில் சூடேறிய காற்று இரவில் குளிரும்போது, அதிலுள்ள ஈரம் இரும்புக் கூரையில் நீர்த்துளியாகத் திரண்டு சரக்கின் மேல் சொட்டும். மழையே இல்லாத நடுக்கடலிலும் பெட்டி நனைவது இதனால்தான்.

பூஞ்சைக்கு அஞ்சி எந்த வேதிப்பொருளையும் இட்டுவிடலாகாது. டைமெத்தில் ஃபியூமரேட் என்னும் பூஞ்சைத் தடுப்புப் பொருள் அடங்கிய பொட்டலங்கள் காலணிகளிலும் தோல் இருக்கைகளிலும் வைக்கப்பட்டபோது, அது ஆவியாகித் தோலில் படிந்து, பயன்படுத்தியோருக்குக் கடுமையான சரும அழற்சியை உண்டாக்கியது. அது கலந்த பொருள்களை ஐரோப்பியச் சமூகம் 2009இல் தடை செய்தது. சிப்பத்தில் இடும் சிறு பொட்டலமும் ஏற்றுமதியைத் தடுத்துவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

அட்டைப்பெட்டியின் வலிமை

இன்று பெரும்பாலான சரக்கு நெளி அட்டைப்பெட்டியில்தான் செல்கிறது. இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிதாளை ஒட்டினால் மூன்றடுக்கு அட்டை. இவ்வாறே ஐந்தடுக்கும் ஏழடுக்கும் அமையும். நெளிவுகள் சிறு தூண்களைப் போல நின்று பாரம் தாங்குகின்றன. எனவே பெட்டியில் அவை மேலும் கீழுமாக நிற்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவை நான்கு மூலைகளே. மூலைக்கு மேல் மூலை பொருந்துமாறு நேராக அடுக்கிய பெட்டிகள், செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கியவற்றைவிட மிகுந்த சுமை தாங்கும். சரிந்துவிடாதபடி கயிற்றாலோ படலத்தாலோ கட்டிவிட்டால் போதும்.

அட்டைக்கும் ஈரம் பகையே. காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டும்போது அட்டைப்பெட்டி தன் தாங்கு வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. கோடையில் ஆறு வரிசை தாங்கிய பெட்டி ஆடி மாதத்தில் மூன்று வரிசைக்கே தளர்ந்துவிடலாம். கிடங்கில் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மீது, சுவரை விட்டு விலக்கி வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தாராவியில் பயன்படுத்திய அட்டைப்பெட்டிகளை வாங்கிப் பிரித்து, வெட்டி, அச்சிட்ட பக்கம் உள்ளே போகுமாறு மடித்துப் புதிய பெட்டியாக்கும் தொழில் உண்டு. வீணாகப் போகும் பொருளுக்கு மறுவாழ்வு தரும் சிறந்த தொழில் இது. அண்மையில் உள்ள கடைகளுக்கு அனுப்பும் ஆடைகளுக்கும் எடை குறைந்த பொருள்களுக்கும் அப்பெட்டி நன்கு உதவும். ஆனால் ஒருமுறை மடிந்த மூலையும் நசுங்கிய நெளிவும் பழைய வலிமையைத் திரும்பப் பெறுவதில்லை. மழைக்காலத்து நெடும்பயணத்திற்கும் உயர அடுக்கும் கிடங்குக்கும் புதிய பெட்டியே தக்கது. பழையது கூடாதென்பது பொருளன்று. எங்கே கூடும் என அறிந்து பயன்படுத்த வேண்டும்.

சணலா, செயற்கை இழையா?

தாராவிக்குக் கிழக்கே, செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1965 முதல் உர உற்பத்தி நடைபெறுகிறது. யூரியாவைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைச் சற்றே தாண்டினாலும் அது நீரை ஈர்த்துக் கட்டியாகத் தொடங்கும். ஆகவே அதற்கு ஈரம் புகாத செயற்கை இழைச் சாக்கு தேவைப்படுகிறது. நெல், கோதுமை போன்ற தானியமோ மூச்சுவிடும் பொருள். அது வெளியிடும் வெப்பமும் ஈரமும் வெளியேற வேண்டும். அதற்குச் சணல் சாக்கின் கண்ணறைகள் இடம் தருகின்றன. 1987இல் இயற்றப்பட்ட சணல் சிப்பப் பொருள்கள் சட்டம் சணல் விவசாயிகளின் வாழ்வைக் காக்கும் நோக்கமுடையது. தானியத்தின் இயல்புக்கும் அது இசைந்தே உள்ளது. ஒரு பொருளுக்குக் குறையாகும் தன்மை மற்றொன்றுக்குச் சிறப்பாகிறது.

பொருளின் தன்மையைப் போலவே காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. மாட்டுங்கா கடையில் அரைத்து, அன்றே வீட்டுக்குக் கொண்டு செல்லும் காப்பித்தூளுக்குக் காகித உறை போதும். ஒரு மாதம் கழித்துத் திறக்கப்படும் தூளுக்கு ஈரமும் காற்றும் புகாத அலுமினியத் தகடு கலந்த உறை வேண்டும். பாலிதீன் ஈரத்தை நன்கு தடுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. எண்ணெயில் பொரித்த முறுக்கு பாலிதீன் பையில் மொரமொரப்பாகவே இருந்தும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிப்பது இதனாலேயே. செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன.

பிரித்த பின்

சிப்பத்தின் வாழ்வு பிரித்தவுடன் முடிவதில்லை. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் கழிவு வகைவாரியாகப் பிரிக்கப்பட்டு, நொறுக்கிக் கழுவி, உருக்கி மணிகளாக்கப்படுகிறது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன உறை இங்கே மீண்டும் மூலப்பொருளாகிறது. பல படலங்களை ஒட்டிச் செய்த பளபளப்பான உறையைப் பிரித்தெடுக்க இயலாததால் அது பெரும்பாலும் குப்பையாகவே தேங்குகிறது. மகாராஷ்டிர அரசு 2018இலும், மத்திய அரசு 2022 ஜூலை 1 முதலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்துள்ளன. பாதுகாப்பில் இரண்டும் சமமானால், மறுசுழற்சிக்கு எளிதானதையே தேர்ந்தெடுப்பது கடமையாகும்.

அறிவு வாசலுக்கு வர வேண்டும்

சிப்பங்களைச் சோதிக்கவும் இத்துறையில் பயிற்சி தரவும் 1966இல் நிறுவப்பட்ட இந்தியச் சிப்பமிடல் நிறுவனம் மும்பையின் அந்தேரியில் இயங்குகிறது. 1933இல் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றி, இன்று மாட்டுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் பலபடிப் பொருள்களையும் உணவுத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கிறது. இவை இரண்டும் தாராவிக்குத் தொலைவில் இல்லை. ஆயினும் பத்துப் பேர் பணிபுரியும் கூடத்தின் உரிமையாளர், தன் பெட்டியைச் சோதனைக்கு எடுத்துச் செல்வதற்காக ஒரு நாள் வேலையை நிறுத்துவது எளிதன்று.

ஆகவே அலுவலர்கள் செய்யத்தக்கவை சில உள்ளன. ஒரே தொழில் செய்யும் பல கூடங்களை இணைத்து, பொது மாதிரிச் சிப்பம் ஒன்றைச் சோதித்துத் தரலாம். மழைக்காலத்திற்கும் கோடைக்கும் தனித்தனி அடுக்கு அளவுகளை அவரவர் மொழியில் எழுதிக் கிடங்குகளில் ஒட்டச் செய்யலாம். நல்ல அட்டையைக் கூட்டுறவு முறையில் மொத்தமாக வாங்க உதவலாம். மாணவர்கள் ஒரு பருவம் முழுதும் ஒரு கூடத்தின் உடைசலையும் திரும்பி வந்த சரக்கையும் எண்ணிப் பதிவு செய்தால், அந்தப் பதிவேடே அக்கூடத்தின் முதல் ஆய்வுக்கூடமாகும். எது, எங்கே, ஏன் கெட்டது என்பதை அது காட்டும். அதன் பிறகு எந்தப் பொருளில் சிப்பமிடுவது என்பதை முடிவு செய்வது கடினமன்று.