சர்க்கரைக்கும் ஒரு பாஸ்புக்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பேங்க்கில் கிளார்க்காக இருந்தவன். எனக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை, அந்த நேரத்து இருப்பு மட்டுமே. ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதச் சராசரி. நடுவில் ஏறியதும் இறங்கியதும் இரண்டிலும் தெரியாது.

என் சராசரி 6.8. நல்ல மார்க் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் விடியற்காலையில் பனியன் நனைய வியர்க்கும். மதுரை வெக்கைதானே என்று விட்டுவிட்டேன். டாக்டர் சொல்லி மேற்கையில் சென்சார் ஒட்டிய பிறகு, பாஸ்புக் மாதிரி 14 நாள் வரவு செலவும் செல்போனில் வந்தது. இரவு மூன்று மணிக்கு 58! 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

எல்லோருக்கும் சென்சார் தேவையில்லை, செலவும் அதிகம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேளுங்கள். சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள நீரை. சில நிமிடம் பிந்தும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

புது மருந்துகளும் வந்துள்ளன. எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து, விலை இறங்கியது. வாரம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நம்மில் பலர் தனியாகத் தூங்குகிறோம். தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.