பிள்ளைகளுக்கு ஒரு களஞ்சியம்



எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் நினைவாக நிறுவிய அறக்கட்டளையில், அதுவும் கம்மாபுரத்தில் நின்று பேசக் கிடைத்ததைப் பெரும் பேறாக நினைக்கிறேன். தலைப்பு கேட்டுக் கடிதம் வந்த அன்றே பெ. தூரன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு பீரோ.

1981இல் நான் ஏழாம் வகுப்பு. இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் படித்தேன். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட மர பீரோ ஒன்று இருந்தது. அதன் மேல்தட்டில் பத்துப் புத்தகங்கள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வருகைப் பதிவேட்டை எடுத்துப் போகும் சாக்கில் 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' என்ற பெயரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று படித்திருக்கிறேன். பிள்ளைகள் தொட்டால் கிழிந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். நூலகப் பொறுப்பு நம் ஆசிரியரிடம் வந்த வாரம் சாவி அவர் சட்டைப் பைக்கு வந்தது. முதல் வேலையாகப் பத்துத் தொகுதிகளையும் வெளியே எடுத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, எங்கள் வகுப்பு மேசையில் கொண்டுவந்து வைத்தார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள். தாளின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. தூரன் என்ற பெயரை அந்த மேசையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரியசாமித் தூரன் 1908 செப்டம்பர் 26ஆம் நாள், ஈரோட்டுக்குப் பக்கத்தில் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசு என்ற சிற்றூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1931இல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டபோது, பொறுக்க மாட்டாமல் பட்டத் தேர்வை எழுதாமலே வெளியே வந்துவிட்டார். பிறகு கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியர் வேலை. அந்த வித்யாலயத்தை நிறுவியவர் தி. சு. அவிநாசிலிங்கம். அவரே பின்னாளில் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகி, 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். தமிழில் கலைக்களஞ்சியம் கொண்டுவர வேண்டும், அதற்கு முதன்மைப் பதிப்பாசிரியர் வேண்டும் என்றபோது, தம் பள்ளியில் பாடம் நடத்தியவரையே அழைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் கையில் தமிழின் அறிவுக் களஞ்சியம் வந்து சேர்ந்தது இப்படித்தான். வகுப்பில் நின்று, 'புரியலை சார்' என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டவர் அதைச் செய்தது நம் நல்வினை.

அதற்கு முன்பு நமக்கு இருந்தது 1910இல் வந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. தனி மனிதரின் அசுர உழைப்பு அது. ஆனால் அதன் உலகம் பெரும்பாலும் இலக்கியமும் புராணமும். தூரன் குழுவினர் அணுவையும் வங்கியையும் காசநோயையும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுரை கேட்டுப் போன அறிஞர்களில் பலர் தம் துறையை ஆங்கிலத்திலேயே படித்து ஆங்கிலத்திலேயே கற்பித்தவர்கள். கலைச்சொல் ஒவ்வொன்றையும் தேட வேண்டும், இல்லையென்றால் ஆக்க வேண்டும். ஒரு தொகுதியில் வைத்த சொல் அடுத்த தொகுதியில் மாறாமல் பார்க்க வேண்டும். முதல் தொகுதி 1954இல் வந்தது, ஒன்பதாவது 1963இல்.

நம் மண்ணோடு சேர்த்து இந்த ஆண்டுகளைப் பார்க்கிறேன். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது 1956. சுரங்கம் தோண்டி நிலக்கரியை எட்டியது 1961. இங்கே நிலத்தைத் தோண்டிய அதே ஆண்டுகளில் அங்கே சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இணைப்பாக வந்த பத்தாம் தொகுதி 1968இல் முடிந்தது. அந்த ஆண்டே தூரனுக்குப் பத்மபூஷண் கிடைத்தது. வயது அறுபது. இருபது வருட வேலை முடிந்தது என்று எழுந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதே 1968இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். பத்தாவது தொகுதி 1976இல் வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். எழுத்தில் கை பழக முதலில் பிள்ளைகளுக்கு எழுது, தேறியபின் பெரியவர்களுக்கு எழுது என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. தூரன் தம் வாழ்நாளில் சேர்த்த அறிவை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் முன் வைத்தார். பெரியவர்களின் களஞ்சியம் அவருக்கு அதற்கான முன்தயாரிப்பு ஆகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரிய புத்தகத்தைச் சுருக்கினால் சிறுவர் புத்தகம் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்ப் பொருளையே எடுத்துச் செய்து பாருங்கள். 'பழுப்பு நிலக்கரி' என்று ஒரு பதிவு எழுத வேண்டும். பெரியவர்களுக்கு என்றால், தாவரப் பொருள் படிந்து உருவான படிவு, ஈரப்பதம் மிகுதி, வெப்ப ஆற்றல் குறைவு என்று மூன்று வரியில் எழுதலாம். படிவு என்றால் என்ன என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், தெரியாவிட்டாலும் கேட்க மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளை கேட்கும். அதற்கு மரத்திலிருந்து தொடங்க வேண்டும். மரம் விழுந்தால் மக்கிப் போகுமே, இது மட்டும் ஏன் மக்கவில்லை? அதற்குத் தண்ணீரையும் சேற்றையும் சொல்ல வேண்டும். பிறகு மேலே குவிந்த மண்ணின் கனத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டால் கோடிக் கணக்கில் சொல்ல வேண்டும், தாத்தா வயதைத் தாண்டிய காலத்தை அந்தப் பிள்ளை மனசுக்குள் எப்படிக் கொண்டுபோவது? எழுதுகிறவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கே வாக்கியம் நின்றுவிடும். கலைச்சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

பிள்ளையின் கேள்வியிலிருந்தே பிறந்த களஞ்சியமும் உண்டு. இங்கிலாந்தில் ஆர்தர் மீ என்ற பத்திரிகையாளர் தம் மகளின் ஓயாத கேள்விகளிலிருந்து சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கினார். அது பகுதி பகுதியாக வரத் தொடங்கிய ஆண்டு 1908, தூரன் பிறந்த ஆண்டு.

தூரன் பிள்ளைகளிடம் திடீரென்று வந்தவரும் இல்லை. மாயக்கள்ளன், ஓலைக்கிளி, சூரப்புலி, நாட்டிய ராணி, தம்பியின் திறமை என்று கதைகள் எழுதினார். குழந்தை உள்ளம், அடிமனம், கருவில் வளரும் குழந்தை, பாரம்பரியம் என்று பெற்றோரும் ஆசிரியரும் படிக்க உளவியலும் உயிரியலும் எழுதினார். இந்த இரண்டு வரிசையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் கதை சொல்கிறவர், பிள்ளையின் மனசு எப்படி வேலை செய்கிறது என்று பெரியவர்களிடம் தனியாகப் பேசுகிறார். ஜாக் லண்டனின் நாவலைக் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கினார். நூல் வடிவம் பெறாமல் பழைய சுதேசமித்திரன் இதழ்களில் கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்து 1953இல் 'பாரதி தமிழ்' ஆக்கினார். களஞ்சியத்தின் முதல் தொகுதி அச்சுக்குப் போகும் காலத்தில் இந்த வேலையும் நடந்திருக்கிறது. அவர் இயற்றிய கீர்த்தனைகளை இசை மேடைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதைத் தனிப் பொழிவாக வைத்துக்கொள்ளலாம். 1987 ஜனவரி 20ஆம் நாள் மறைந்தார்.

நம் மாவட்டத்திலும் இப்படிப் பல துறையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். கடலூரில் வாழும் இரா. நடராசன் 'ஆயிஷா' எழுதினார். கேள்வி கேட்ட குற்றத்துக்காக அடிபட்ட பள்ளி மாணவியின் கதை அது. ஆசிரியர்கள்தான் அதை அதிகம் படித்து அழுதார்கள். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையின் கண்மணி குணசேகரன், 'அஞ்சலை' நாவலை எழுதிய கையாலேயே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நம் அம்மாக்கள் பேசும் சொற்களைச் சேர்த்தவர் அவர். அந்த அகராதி நம் பள்ளிகளில் பீரோவுக்கு வெளியே இருக்கிறதா என்று இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். தூரனின் இரண்டு களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. எடுத்துக் காட்ட ஓர் ஆள்தான் வேண்டும்.

எங்களுக்கு அந்த ஆள் இருந்தார். தொகுதியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், திருப்பித் தரும்போது புத்தகத்தில் பதில் இல்லாத ஒரு கேள்வியோடு வர வேண்டும். அதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. நான் கொண்டுபோன கேள்வி, "சுரங்கத்துல ஏன் சார் ராவும் பகலும் தண்ணிய எறச்சிகிட்டே இருக்காங்க?"

சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எனக்கும் தெரியலடா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மந்தாரக்குப்பம் கூட்டிப்போனார். சுரங்கத்தில் மோட்டார் பார்க்கும் ஒருவர் வீடு அது. அவர் ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தட்டை வைத்து அழுத்திக் காட்டினார். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது, மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் கீழிருந்து பொத்துக்கொண்டு வரும், அதனால் தோண்டும் முன்பே இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ஒருநாள் நிறுத்தினாலும் ஆபத்து என்றார். நான் தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது, சார் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அதை எழுதிக்கொண்டிருந்தார்.