திலகவதியார் தாங்கிய உயிர்



பங்குனிப் பெருவிழாவில் மருந்தீசப் பெருமான் திருவீதி எழுந்தருளும் இந்நன்னாளில் உங்கள் முன் நிற்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய தலம் இத்திருவான்மியூர். இங்கே இறைவன் திருப்பெயரே மருந்து. நாவுக்கரசருக்கு முதன்முதல் மருந்து தந்த கை எது? அது ஒரு பெண்ணின் கை. 'இவள் வாழ்வு முடிந்தது' என்று ஊர் எண்ணிய ஒரு பெண்ணின் கை. அவ்வம்மையாரின் சரிதத்தையே இன்று சிந்திக்கப் போகிறோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகத் தோன்றியவர் திலகவதியார். பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவருக்கு மணம் பேசினார்கள். மணநாள் வருமுன் அவர் போர்மேற் சென்றார். இடையே தந்தையார் மறைந்தார். தாயாரும் கணவனாரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். அடுத்து வந்தது கலிப்பகையார் களத்தில் பட்ட செய்தி. தாயார் சென்ற வழி கண்முன் இருந்தது. திலகவதியாரும் உயிர்விடத் துணிந்தார். அவ்வாறு செய்திருந்தால் உலகம் அவரைப் புகழ்ந்து, பின் மறந்திருக்கும்.

இளைய தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுதார். 'நீரும் பிரிந்தால் உமக்கு முன்னே நான் இறப்பேன்' என்றார். அவ்வொரு குரலுக்காக அம்மையார் உயிரைத் தாங்கினார். அன்பர்களே, சாவதற்கு ஒரு கணத் துணிவு போதும். வாழ்வதற்கு நாள்தோறும் துணிவு வேண்டும். வேறு மணம் நாடாமல், பொன்னும் மணியும் பூணாமல், உயிர்களிடத்து அருள் பூண்டு அவர் வாழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார்.

தம்பியோ சமணம் சார்ந்தார். தமக்கையார் திருவதிகை வீரட்டானம் சேர்ந்து, புலருமுன் எழுந்து திருவலகிட்டு, மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டினார். சூலை நோயால் துடித்த தம்பி ஆள் விடுத்தபோது, 'அங்கு நான் வாரேன்' என்று மறுத்துவிட்டார். அன்பு உண்டு, ஆனால் கொண்ட கொள்கையில் தளர்வு இல்லை. தம்பி இரவில் தாமே வந்து அடிபணிந்தார். அம்மையார் திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். அந்த விடியலில் பிறந்ததே அப்பர் தேவாரம். நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகள் அக்கையில் இருந்த நீற்றின் விளைவு! அறுபத்துமூவர் வரிசையில் அவர் பெயர் இல்லை. அவர் இல்லையேல் அவ்வரிசையில் நாவுக்கரசர் இல்லை.

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். அருகே மயிலாப்பூரில் 1886-இல் பிறந்த சுப்புலட்சுமி அம்மையார் பதினோரு வயதில் மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தார். மூலையில் அமர்த்துவதே அன்றைய வழக்கம். அவரோ தந்தையார் துணையோடு படித்து 1911-இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளங் கைம்பெண்களைச் சேர்த்துக் கற்பித்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ் அப்பெண்கள் தங்கிப் படித்த இடம். 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளியையும் தொடங்கினார். 1969-இல் மறையும் வரை தொண்டே அவர் வாழ்வு.

அடியேன் குற்றம் ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் மறைந்தபின் என்னை வளர்த்தவர், பத்தொன்பது வயதில் கணவனை இழந்த என் தமக்கையார். எனக்கு முதல் தேவாரம் சொல்லித் தந்ததும் அவரே. என் மகள் திருமணத்தில் அட்சதை தூவும் நேரம், அவர் சமையற்கட்டுக் கதவின் பின் நின்று எட்டிப் பார்த்தார். நான் கண்டேன், அழைக்கவில்லை. ஊர் ஊராகத் திலகவதியார் பெருமை பேசிய நாக்கு அன்று எழவில்லை. இன்று அழைக்க அவர் இல்லை.

நாளை இத்தலத்தில் திருக்கல்யாணம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் கதவின் பின் நிற்கலாம். அவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்; முன்வரிசையில் அமர்த்துங்கள்; முதல் திருநீற்றை அவர் கையால் பெறுங்கள். அந்தக் கை அமங்கலம் என்றால் அப்பரடிகள் பெற்ற திருநீறு என்னாவது?

திருச்சிற்றம்பலம்.