மூச்சின் வழியே ஒரு விளக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டோமே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், யமுனைக் கரையில் வாழும் நமக்கு மூச்சைப் பற்றிய பேச்சு வேண்டாத பேச்சு ஆகாது. ஐப்பசி பிறந்தால் தீபாவளியை எதிர்நோக்கும் நாம், அதனோடு கூட வரும் புகைமூட்டத்தையும் எதிர்நோக்கப் பழகிவிட்டோம். நம் காலனியில், மாடிப்படி ஏறுகையில் பாதி வழியில் நின்று இளைப்பாறும் பெரியவர் இல்லாத கட்டடம் இல்லை. கேட்டால், "வயதாகிவிட்டது" என்பார். வீட்டாரும் அதையே சொல்வர். அது வயதா, நோயா? நோய் எனின், நுரையீரலின் எப்பகுதியில் உள்ளது? கொடுக்கும் மருந்து அப்பகுதியைச் சென்று சேருகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண அறிவியல் வகுத்துள்ள புதிய வழி ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கிறோம். நோயாளி உள்ளிழுக்கும் ஒரு வாயுவையே விளக்காகக் கொண்டு நுரையீரலைப் படம் பிடிப்பது அவ்வழி.

முதலில் நோயின் அளவை நோக்குவோம். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் சிதைந்து, ஆண்டுக்கு ஆண்டு மூச்சு குறைந்துகொண்டே போகும் நோயை மருத்துவர் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் என்பர். 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நோய் உடையவர்கள் ஏறத்தாழ 5 கோடியே 53 லட்சம் பேர் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. புகைபிடிப்பவர்களுக்கே இது வரும் என்பது தவறான எண்ணம். நம் நாட்டில் இந்நோயால் விளையும் கேட்டில் பாதிக்கு மேல் மாசுற்ற காற்றினால் வருவதென்றும், புகையிலையின் பங்கு கால்பகுதி அளவே என்றும் அதே ஆய்வு கூறியது. மாசுற்ற காற்று என்பது தெருப் புகை மட்டும் அன்று; விறகும் வறட்டியும் எரிந்த அடுப்பின் புகையும் அதில் அடங்கும். பீடியைத் தொட்டும் அறியாத நம் தாய்மாரும் பாட்டிமாரும் இருமுவது ஏன் என்பதற்கு இதுவே விடை.

இந்நோயை அளக்க நெடுங்காலமாக இருந்துவரும் கருவி ஸ்பைரோமீட்டர். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்னும் மருத்துவர் அதனை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். மூச்சை நிறைய இழுத்து, வேகமாக ஊதினால், முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று அது சொல்லும். எளியது, விலை குறைந்தது, இன்றும் முதற்கருவி அதுவே. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. காலனிக்கு வரும் குடிநீரை வாயிலில் உள்ள மீட்டர் அளக்கும். எந்த வீட்டுக் குழாயில் நீர் வரவில்லை என்பதை அது சொல்லாது. அதுபோலவே ஸ்பைரோமீட்டர் இரண்டு நுரையீரல்களின் மொத்தக் கணக்கைச் சொல்லுமேயன்றி, எந்த மூலையில் காற்று நுழையவில்லை என்று சொல்லாது. மேலும், மிக நுண்ணிய குழாய்களில் தொடங்கும் அடைப்பு பெருகிய பின்னரே மொத்தக் கணக்கில் குறைவு தெரியும்.

எக்ஸ் கதிர்ப் படமும் சி.டி. ஸ்கேனும் உறுப்பின் வடிவத்தைக் காட்டுவன. சுவரும் கூரையும் தெரியும். வீட்டுக்குள் காற்றோட்டம் உண்டா என்பது தெரியாது. கதிரியக்கமுள்ள வாயுவைச் சிறிதளவு உள்ளிழுக்கச் செய்து, அது எங்கெங்கே பரவுகிறது என்று பார்க்கும் முறையும் பல பத்தாண்டுகளாக உண்டு. பயனுடையதே, ஆயினும் அப்படம் மங்கலானது. கதிரியக்கம் உள்ளதாகையால் அடிக்கடி எடுக்கவும் மருத்துவர் தயங்குவர். நாட்பட்ட நோய்க்கு வேண்டுவதோ அடிக்கடி பார்க்கும் வசதி.

கதிரியக்கமோ எக்ஸ் கதிரோ இல்லாத எம்.ஆர்.ஐ. முறையைக் கொண்டு பார்க்கலாகாதா என்று கேட்கலாம். அங்கே வேறொரு இடர்ப்பாடு. எம்.ஆர்.ஐ. என்பது பெரும்பாலும் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்பொலியைக் கேட்டு வரையும் படம். மூளை, ஈரல், மூட்டு ஆகியவை நீர் நிறைந்தவை, தெளிவாகத் தெரியும். நுரையீரலோ காற்று நிறைந்தது. ஆகவே படத்தில் அது ஓர் இருண்ட குகையாகவே தோன்றும். அந்தக் குகைக்குள் விளக்கேற்றுவது எப்படி என்பதே அறிஞர் முன் நின்ற வினா.

விளக்காக வந்தது செனான் என்னும் வாயு. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்சும் அதைக் கண்டுபிடித்தனர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு 'அயலான்' என்று பொருள். ஒரு கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே இருப்பதால் அப்பெயர் பொருந்தும். வேறு பொருள்களோடு எளிதில் சேராத பண்பும் அதற்கு உண்டு. உடலுக்குள் சென்று, எதனோடும் பிணங்காமல், வந்த வழியே திரும்பிவிடும். அயலூரில் வாழும் நமக்கு அதன்மேல் தனிப்பற்று ஏற்பட்டால் வியப்பில்லை!

ஆனால் செனான் தானாக ஒளிர்வதில்லை. அதன் அணுக்கருக்கள் சிறு காந்த ஊசிகளைப் போன்றவை. அவை பல திசைகளிலும் சிதறி நிற்பதால் ஒன்றின் குரலை மற்றொன்று அழித்துவிடும். புதுதில்லி ரயில் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்பர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் அத்தனை முகமும் ஒரே திசையில் திரும்பும். அத்தகைய அறிவிப்பைச் செனானுக்குத் தருவது லேசர் ஒளி. ஒளி முதலில் ருபீடியம் என்னும் உலோகத்தின் ஆவியை ஒழுங்குபடுத்தும். அந்த ஆவி, மோதும் செனான் அணுக்களுக்குத் தன் ஒழுங்கை அளிக்கும். இதனால் குறிப்பொலி பல்லாயிரம் மடங்கு வலுப்பெறுகிறது. ஒளியால் அணுக்களை ஒழுங்குபடுத்தும் அடிப்படை வழியைக் கண்டதற்காகவே ஆல்பிரெட் காஸ்லர் 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

1994-இல் அமெரிக்க அறிஞர்கள் எலியின் நுரையீரலில் செனானைச் செலுத்தி முதல் படத்தை எடுத்துக் காட்டினர். மனிதரிடத்தில் தொடக்கத்தில் பெரிதும் பயன்பட்டது ஹீலியம்-3. ஹீலியத்திற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, பிரெஞ்சு வானநூலார் ஜான்சென் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்திருந்தார். அவ்வாண்டு சூரிய ஒளியை ஆய்ந்தபோது தென்பட்ட மஞ்சள் கோடே ஹீலியம் என்ற தனிமத்தை அறிவித்தது. ஆயினும் ஹீலியம்-3 அணு ஆயுதத் தொழிலின் துணைப்பொருளாகவே பெரிதும் கிடைப்பது. 2009-ஐ ஒட்டி அதற்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் பின்னரே அறிஞர் செனானை முழு மூச்சாகப் பற்றினர்.

அப்பற்று பெரும்பயன் தந்தது. ஹீலியம் இரத்தத்தில் கரைவதில்லை என்றே சொல்லலாம், செனான் கரையும். நம் நுரையீரல்களில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்காற்றறைகள் உள்ளன என்பது ஒரு கணக்கு. பிராணவாயு அவற்றின் மெல்லிய சவ்வைக் கடந்து சிவப்பணுக்களை அடையவேண்டும். செனானும் அதே வழியில் செல்கிறது. காற்றறையில் இருக்கும்போது ஒரு குரலிலும், சவ்வில் கரைந்திருக்கும்போது இன்னொரு குரலிலும், சிவப்பணுவைச் சேர்ந்தபின் வேறொரு குரலிலும் அது பேசும். ஒரே மூச்சில் மூன்று செய்தி! காற்று எங்கே செல்லவில்லை, சவ்வு எங்கே தடித்துள்ளது, இரத்தம் எங்கே குறைவாகப் பெறுகிறது என்பன ஒருங்கே தெரிகின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில் சவ்வின் குரல் ஓங்கும். சிவப்பணுவின் குரல் தாழும். மூச்சடைப்பு நோயிலும் ஆஸ்துமாவிலும் காற்று நுழையாத பகுதிகள் இருண்ட திட்டுகளாகத் தோன்றும்.

நோயாளி செய்யவேண்டுவது மிகச் சிறிது. ஒரு லிட்டருக்கு மேற்படாத வாயுவைப் பையிலிருந்து உள்ளிழுத்து, பத்து முதல் பதினைந்து நொடி மூச்சை அடக்கினால் போதும். சிலருக்குச் சில நொடிகள் தலை இலேசாகச் சுற்றலாம், செனானுக்கு மயக்கும் தன்மை உண்டாதலால் அது நேர்வது, விரைவில் நீங்கும்.

இனித் தொடர்ந்து கண்காணித்தல் என்னும் பகுதிக்கு வருவோம். இருண்ட திட்டுகள் நுரையீரலில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எண்ணால் குறிக்கலாம். மருந்தை உள்ளிழுக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்தால், எத்திட்டு வெளுத்தது, எது அசையாமல் நின்றது என்று கண்கூடாகத் தெரியும். ஆறு திங்கள் கழித்து மீண்டும் பார்த்தால், நோய் நிற்கிறதா, பரவுகிறதா என்பதும் புலனாகும். கதிரியக்கம் இன்மையால் சிறுவரிடத்தும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்து ஆணையம், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு இவ்வாயுவைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது.

இம்முறையின் மேன்மையை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று நம் அனைவருக்கும் நெருக்கமானது. கோவிட் நோயிலிருந்து மீண்டும் மூச்சு வாங்குவதாகச் சொன்னவர் பலர். சி.டி. படம் நலமாகவே இருந்தது. "ஒன்றும் இல்லை, மனக்கவலை" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் உண்டு. 2021, 2022 ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு அறிஞர்கள் செனான் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களுள் பலருக்குக் காற்றறையிலிருந்து இரத்தத்திற்கு வாயு செல்வதில் குறைபாடு இருப்பது தெரிந்தது. கருவி காணாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பளிக்கவேண்டும். இந்த உண்மை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, வீட்டாருக்கும் உரியது.

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. செனான் விலை மிக்கது. லேசர் கருவியும், எம்.ஆர்.ஐ. கருவியில் செனானின் குரலைக் கேட்கும் தனி அமைப்பும், பழகிய வல்லுநரும் வேண்டும். உலகில் சில மருத்துவ நிலையங்களிலேயே இவை உள்ளன. மூச்சை அடக்கவே இயலாத நிலையில் உள்ளவர்க்கு இது கடினம். ஆகவே நாளைக் காலையிலேயே இந்தப் படம் வேண்டுமென்று யாரும் மருத்துவமனை வாயிலில் நிற்கவேண்டியதில்லை.

பின் இதை ஏன் இங்கே சொல்கிறோம்? புதிய கருவி கற்பிக்கும் பாடம் பழைய கருவியைப் பயன்படுத்தவும் உதவும் என்பதற்காகவே. நோய் ஓசையின்றித் தொடங்குகிறது என்று அந்த இருண்ட திட்டுகள் காட்டுகின்றன. ஆகவே இருமல் எட்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலும், சென்ற ஆண்டு ஏறிய படிகளை இவ்வாண்டு ஏற இயலாவிட்டாலும், வயதின்மேல் பழி போடாமல் ஸ்பைரோமீட்டர் சோதனை செய்துகொள்ளவேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் நாம், மூச்சை அளப்பதில்லை. மருத்துவர் 'இன்ஹேலர்' தந்தால், "பழக்கமாகிவிடும்" என்று அஞ்சி மூலையில் வைப்பதும் நம்மிடையே உண்டு. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்தை நோயுள்ள இடத்திற்கே நேராகச் சேர்ப்பது அது. அதை இழுக்கும் முறை தவறினால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். முறையை மருத்துவரிடம் செய்துகாட்டித் திருத்திக்கொள்வது நலம்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் நம் காலனியில் மூச்சுச் சோதனை முகாம் ஒன்று நடத்துக. அதில் முதல் வரிசை, அடுப்படிப் புகையில் நெடுங்காலம் நின்ற தாய்மாருக்கு உரியதாகுக. தம் நோயைத் தாமே சொல்லிக்கொள்ளாத அவர்களை அழைத்து வருவது பிள்ளைகளின் கடமை.